நாலாவது பக்கம் பூஜ்யம்

செருப்புக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் நாற்பது நாற்காலி, நாற்பது திரை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தார்களோ இல்லையோ, இங்கே அடைமழை ஆரம்பித்துவிடும். கணக்கு வராத பிள்ளை நோட்டுப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பும். நாற்பது பேரில் யாருக்கு அது போய் விழுகிறதோ அவர் பத்து நிமிஷத்துக்குள் வழியோடு விடை எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பினது யார் என்று இவருக்குத் தெரியாது, எழுதினது யார் என்று பிள்ளைக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு எண், அத்தோடு சரி. படத்தில் முகம் விழுந்தால் மெஷினே அதை மங்கலாக்கிவிடும். தொலைபேசி எண்ணை எழுதினால் அழித்துவிடும். பெற்ற தாயே வந்து கணக்குக் கேட்டாலும் 'வணக்கம் மாணவரே' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

இருபத்தேழாம் எண்ணுக்கு ஆபீசில் ஸ்கேலம்மா என்று பெயர். எழுதுகிற பலகை கண்ணாடிப் பலகை, பேனா மின்பேனா. அவளோ அந்தக் கண்ணாடி மேல் ஒரு பழைய பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துத்தான் கோடு இழுப்பாள். "நேர்க்கோடு போட மெஷின்லயே வசதி இருக்குக்கா" என்று பக்கத்து நாற்காலிக்காரன் நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். அவனுக்கு இருபத்தாறு வயது, தலை முழுக்க நரை, அதனால் அவன் பெயர் தாத்தா. "மெஷின் போடுற கோடு மெஷினோடது. நான் போடுறது என்னோடது. உன் வேலையைப் பாரு தாத்தா" என்று அவன் வாயை அடைத்துவிடுவாள். நாற்பது வயது. கணிதத்தில் மேல்படிப்பு. கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. சிரிப்பு கொஞ்சம் சிக்கனம்.

நாளெல்லாம் நோட்டுப் படங்களைப் பார்த்துப் பார்த்து இவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது. கணக்கைப் பார்க்கும் முன் ஓரத்தைப் பார்ப்பார்கள். மேஜையில் காபி தம்ளர் வைத்த வட்டம், போர்வையின் பூ, நடுவில் புகுந்த பூனை வால், தம்பிப் பாப்பாவின் ஒரு விரல். அதை வைத்து அந்த வீட்டையே கட்டிவிடுவான் தாத்தா. ஸ்கேலம்மா மட்டும் ஓரம் பார்க்க மாட்டாள். யார் வீடு எப்படி இருந்தால் நமக்கென்ன என்பாள்.

அன்று செவ்வாய்க்கிழமை, மணி நாலே முக்கால். வந்த படத்தில் ஒரு முக்கோணம் இருந்தது. ஐந்து மீட்டர், ஐந்து மீட்டர், அடிப்பக்கம் ஆறு மீட்டர். ஒரு தரையின் பரப்பளவைக் கேட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பு எழுத்து. முக்கோணத்தின் உச்சியில், இரண்டு கோடுகளும் சேருகிற மூக்கில், பிள்ளை ஒரு குட்டிக் கட்டம் போட்டு அதற்குள் பூஜ்யம் எழுதியிருந்தது. கீழே: ஐந்தும் ஐந்தும் பத்து, பாதி ஐந்து. ஆறும் பூஜ்யமும் ஆறு, பாதி மூன்று. ஐமூன்று பதினைந்து. பக்கத்தில் பள்ளி டீச்சரின் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. அதற்கும் கீழே பிள்ளை தட்டச்சு செய்திருந்த கேள்வி:

'மிஸ் தப்புன்னு போட்டுட்டாங்க. எங்க வீட்ல சரின்னு சொல்றாங்க. எது சரி?'

ஸ்கேலம்மாவின் கையிலிருந்து ஸ்கேல் நழுவிக் கீழே விழுந்தது. தாத்தா குனிந்து எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்கவில்லை.

விஷயம் இதுதான். அவளுடைய அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. அம்மா சீக்கிரமே போய்விட்டாள். இரண்டு பிள்ளைகளை ஆக்கிப் போட்டு வளர்த்ததும் அவரே. தரையை அளக்க அவரிடம் ஒரே ஒரு கணக்குத்தான் இருந்தது. எதிரெதிர் சுவர்களைக் கூட்டிப் பாதியாக்குவார். இந்தப் பாதியையும் அந்தப் பாதியையும் பெருக்குவார். வந்தது எதுவோ அதுதான் தரை. நாலு மூலையும் சதுரமாக நிற்கிற அறைக்கு அது அச்சு அசலாகச் சரி. கோணல் அறைக்குச் சரியில்லை. அது அவருக்குத் தெரியாது. மூன்று சுவர் மட்டும் உள்ள அறை வந்தால் என்ன செய்வார்? அதற்கும் அதே கணக்குத்தான். "ஒரு சுவர் சுருங்கிச் சுருங்கி பூஜ்யமாப் போச்சுன்னு வச்சுக்க. அதுக்காக அறையே இல்லன்னு ஆயிடுமா?" என்பார். காகிதத்தில் முக்கோணத்தின் மூக்கில் ஒரு கட்டம் கட்டி, காணாமல் போன சுவருக்கு மரியாதையாகப் பூஜ்யம் எழுதுவார்.

உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர் தப்புத் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் முக்கோணத்தின் மூக்கில் கட்டம் கட்டிப் பூஜ்யம் போடுகிறவர்கள் மூன்றே பேர் என்று அவளுக்குத் தெரியும். ஒருவர் மண்ணுக்குள் போய்ப் பதினாறு வருஷம் ஆகிவிட்டது. ஒருத்தி இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாவது ஆள் அவள் தம்பி. அவனுக்கு ஒரு பெண் பிள்ளை இருக்கிறதென்று தூரத்து உறவுக்காரி ஒருத்தி சொல்லியிருந்தாள். எந்த ஊர், எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. நாலு வருஷத்துக்கு முன் அவன் எண் மட்டும் கிடைத்தது. கூப்பிட்டால் பாதி மணியடித்து அறுந்துவிடும். அவள் எண்ணைத் தடுத்து வைத்திருந்தான்.

அப்பேர்ப்பட்ட பகை எப்படி வந்தது என்றால், அதுவும் இந்தப் பூஜ்யத்தால்தான்.

அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயது. மேல்படிப்பு முடித்த கையோடு வீட்டில் இருந்தாள். படித்த திமிர் என்று இன்றைக்கு அவளே சொல்லுவாள். ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குத் தரை போட அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். மூலை மனைக் கட்டடம். நோயாளிகள் காத்திருக்கும் அறை முக்கோணம். ஐந்து, ஐந்து, ஆறு. அப்பா கட்டம் கட்டிப் பூஜ்யம் போட்டுப் பதினைந்து என்றார். ஒரு பெட்டி டைல்ஸ் ஒரு சதுர மீட்டருக்கு வரும்; ஆகப் பதினைந்து பெட்டி. அவள் அந்தத் துண்டுக் காகிதத்தைப் பிடுங்கி, நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, உயரம் நாலு, பரப்பளவு பன்னிரண்டு என்று எழுதினாள். "முப்பது வருஷமா எல்லார் வீட்டுலயும் அதிகமா வாங்க வச்சிருக்கீங்கப்பா. வேணும்னா ஒரு பெட்டி கூட வாங்கிக்குங்க. பதினஞ்செல்லாம் அநியாயம்" என்றாள். பக்கத்தில் டாக்டர் நின்றிருந்தார். அப்பா முகம் எப்படிப் போயிற்று என்று அவள் அப்போது பார்க்கவில்லை. தம்பி பார்த்தான். அவனுக்கு இருபத்தொன்று, அப்பாவோடு கூடவே சிமெண்ட் குழைக்கிறவன்.

டைல்ஸ் பாதியில் தீர்ந்து போயிற்று. முக்கோண அறையில் சாய்ந்த சுவர் ஓரமெல்லாம் வெட்டு. வெட்டுகிற துண்டு வேறெங்கும் உதவாது. மறுபடி கடைக்கு ஓடி வாங்கி வந்த பெட்டிகள் வேறு சூளைச் சரக்கு. நிறம் ஒரு பிடி மங்கல். ஒட்டி முடித்தபோது அறையின் குறுக்கே ஒரு பட்டை தனியாகத் தெரிந்தது. டாக்டர் பரவாயில்லை என்றுதான் சொன்னார். அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு தரையிலும் அவருக்குக் கல் குறைந்ததில்லை. மொத்தத் தரையையும் அவரே உளியால் பெயர்த்தெடுத்து, வேறு கல் வாங்கி, ஒரு வாரம் குனிந்தபடியே புதிதாகப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சிமெண்ட் கரண்டியைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தார். அப்புறம் அந்தப் பையைத் திறக்கவே இல்லை. யார் கூப்பிட்டாலும் "எனக்கு அளவு தப்புதுப்பா" என்று திருப்பி அனுப்பினார். பத்து மாசத்தில் மாரடைப்பில் போய்விட்டார்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு தம்பி வாசலில் நின்று ஒன்று சொன்னான். "உன் கணக்கு சரிதான்க்கா. அப்பாதான் இல்ல." சட்டை துணியை மூட்டை கட்டிக்கொண்டு அன்றைக்கே கிளம்பினவன்தான். பதினாறு வருஷமாகிறது. அந்த வாக்கியத்தை அவள் தினம் ஒரு தடவையாவது நெஞ்சுக்குள் கேட்டிருப்பாள்.

இவ்வளவோடு முடிந்திருந்தாலும் ஒரு மாதிரி தாங்கியிருப்பாள். அப்பா போன இரண்டாவது மாசம், தூக்கம் பிடிக்காத நாட்களில், கணிதக்காரர்கள் கூடுகிற ஓர் இணையப் பக்கத்தில் அவள் ஒரு கேள்வி போட்டாள். 'என் தந்தை தரையை இப்படித்தான் அளப்பார். இது எவ்வளவு தப்பு?' மூன்று நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நாலாவது நாள், எங்கோ கடல் தாண்டி இருக்கிற ஒரு கணித ஆராய்ச்சியாளர் பதில் எழுதியிருந்தார். முகப் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சைக்கிள் படம். பெரிய மனுஷர், அவருக்கென்ன தலையெழுத்து, எவரோ ஒரு டைல்ஸ்காரருடைய கணக்கைத் தூக்கிக்கொண்டு உட்கார? ஆனால் உட்கார்ந்திருந்தார். ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அதன் கடைசி வரிகள் அவளுக்கு மனப்பாடம்.

'உங்கள் தந்தை சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய தவறு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். எந்த வடிவ அறையானாலும் இந்தக் கணக்கு உண்மையைவிடக் கூடுதலாகச் சொல்லும். ஒருபோதும் குறைத்துச் சொல்லாது. அறை எவ்வளவு கோணலோ அவ்வளவு கூடும். அந்தக் காலத்தில் நிலம் அளந்தவர்களும் இப்படி அளந்திருக்கிறார்கள். வெட்டும் உடைசலும் உள்ள தொழிலில் இதைவிடப் பாதுகாப்பான தவறு கிடைப்பது கடினம்.'

கோணல் அறைக்குத்தான் வெட்டு அதிகம். கோணல் அறைக்குத்தான் அப்பாவின் கணக்கும் அதிகம் சொல்லும். அவள் 'அநியாயம்' என்று அடித்துப் போட்ட அந்த மூன்று பெட்டியில்தான் அந்த மனிதரின் முப்பது வருஷ மானம் இருந்தது. அளக்கிற நாழி அகவிலை அறியுமா என்பார்களே, அப்படி அளந்திருக்கிறாள். இதைத் தம்பியிடம் சொல்ல வேண்டும். அப்பா முட்டாள் இல்லை, நான்தான் என்று அவன் காதால் கேட்க வேண்டும். அவள் வேறு எதுவும் வேண்டிக்கொண்டதில்லை. ஆள் மூலம் சொல்லி அனுப்புகிற விஷயமா இது?

இப்போது திரையில் அந்தக் கட்டமும் பூஜ்யமும். மேலே நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு நிமிஷம் பாக்கி.

"என்னக்கா, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றான் தாத்தா.

"ஸ்கேலைக் குடு."

எழுத ஆரம்பித்தாள். முதலில் பிள்ளைக்கு. நடுவில் உயரம் வரைந்து, அது நாலு மீட்டர் என்று காட்டி, விடை பன்னிரண்டு என்று எழுதினாள். உங்க மிஸ் போட்டது சரி என்றும் எழுதினாள். பொய் சொல்லி ஒரு பிள்ளையின் கணக்கைக் கெடுக்க அவளால் ஆகாது. அப்புறம் எழுதினாள்: 'உன் பதினஞ்சு தப்புதான். ஆனா முட்டாள்தனமான தப்பு இல்ல. இந்த வழி எப்பவும் கூடத்தான் சொல்லும், ஒரு நாளும் குறைச்சு சொல்லாது. பரிட்சையில பன்னிரண்டுன்னு எழுது. தரை போடும்போது பதினஞ்சு பெட்டி வாங்கு. இதை உனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கிட்ட அப்படியே காட்டு.'

ஒரு நிமிஷம் பத்து விநாடி இருந்தது. கடைசியாக ஒரு வரி சேர்த்தாள். 'பன்னிரண்டு வாங்கச் சொன்னது என் தப்பு.' அனுப்பிவிட்டாள்.

மறுநாள் வேலை தொடங்கி அரை மணிக்குள் லீடர் வந்து நின்றாள். லீடர் என்றால் அவளைவிடப் பத்து வயது சின்னப் பெண். கழுத்தில் அட்டை, கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில்.

"அக்கா, நேத்து முக்கோணக் கணக்குல கடைசி வரி என்னது? சொந்த விஷயம் எழுதக் கூடாதுன்னு தெரியும்தானே?"

"தெரியும்."

"அந்தப் பிள்ளை சிவப்பு அமுக்கியிருக்கு."

பதில் வந்ததும் பிள்ளைகளுக்கு இரண்டு பொத்தான் காட்டும். பச்சை: திருப்தி. சிவப்பு: திருப்தி இல்லை. பச்சையை அமுக்கினால் கணக்கு மூடிக்கொள்ளும். சிவப்பை அமுக்கினால் கூடவே ஒரு கேள்வியும் எழுதி, எழுதினவருக்கே திருப்பி அனுப்பலாம். அதே ஆளிடம் மறுபடி பேச அந்தச் செயலியில் வேறு வழியே கிடையாது. ஆனால் ஒரே கணக்கில் மூன்று சிவப்பு விழுந்தால் எழுதினவருடைய எண்ணை மெஷின் பூட்டிவிடும். இந்தச் சங்கதி இங்கே இருக்கிற நாற்பது பேருக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

திருப்பி வந்த படத்தைத் திறந்தாள். பிள்ளையின் எழுத்து இல்லை. தச்சர்களும் டைல்ஸ்காரர்களும் காதில் செருகிக்கொள்வார்களே, அந்தத் தட்டைப் பென்சிலில் தடித் தடியான எழுத்து. 'குறைச்சு சொல்லாதுன்னு எப்படித் தெரியும்?'

அவ்வளவுதான் கேட்டிருந்தான். அக்கா என்று இல்லை, நீ யார் என்றும் இல்லை. அவள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் முட்டி, திரை இரண்டாகத் தெரிந்தது. தாத்தா இந்தத் தடவை ஓரத்தைப் பார்த்துக் கதை கட்டவில்லை; தன் தண்ணீர் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

பத்து நிமிஷமும் எடுத்துக்கொண்டு எழுதினாள். சைக்கிள்காரர் எழுதிய ஒன்றரைப் பக்கத்தை ஒரு டைல்ஸ்காரனுக்குப் புரிகிற மாதிரி எழுதினாள். இரண்டு சுவரை வைத்துக்கொண்டு முக்கோணம் கட்டினால், மூலை சதுரமாக நிற்கும்போதுதான் இடம் அதிகம், சாய்த்தால் குறையும். நாலு சுவர் அறையை மூலைக்கு மூலை கோடு போட்டால் இரண்டு முக்கோணம். இப்படி ஒரு தடவை வெட்டு, அப்படி ஒரு தடவை வெட்டு. எல்லா மூலையையும் சதுரம் என்று நினைத்துக் கூட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சராசரி எடு. அப்பாவின் கணக்கு அப்படியே வந்து நிற்கும். எல்லா மூலையையும் நல்ல மூலை என்று நினைத்துக்கொள்கிற கணக்கு அது. அதனால்தான் அது குறையாது.

'இதை எனக்குச் சொன்னவர் பெரிய கணித ஆராய்ச்சியாளர். முகம் கூடத் தெரியாது' என்றும் எழுதி அனுப்பினாள்.

மறுநாள் வியாழக்கிழமை, இரண்டாவது சிவப்பு. அதே தட்டைப் பென்சில். 'இது உனக்கு எப்ப தெரியும்?'

உனக்கு என்று எழுதியிருந்தான். பதினாறு வருஷத்துக்கு அப்புறம் ஒரு 'உனக்கு'. அவள் பதிலில் கணக்கே இல்லை. 'அப்பா போன ரெண்டாவது மாசம் தெரியும். அன்னையிலிருந்து உன்னைத் தேடுறேன்டா.'

லீடர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். "என்னக்கா நடக்குது? டா போட்டு எழுதியிருக்கீங்க!"

"அந்தப் பக்கம் இருக்கிறது என் தம்பி."

அந்தப் பெண் பாட்டில் மூடியைத் திருகித் திருகி மூடினாள். கெட்டவள் இல்லை. "அக்கா, இன்னொரு சிவப்பு விழுந்தா மெஷின் பூட்டிடும். பூட்டினதைத் திறக்க என் கையில ஒண்ணும் இல்ல. ஆனா நீங்களே அந்தக் கணக்கை 'முடிந்தது'ன்னு மூடிடலாம். மூடிட்டா அவங்க என்ன அமுக்கினாலும் வராது. ஆறு வருஷ வேலைக்கா. யோசிங்க."

"மூடிட்டா அவன் எழுதுறதும் வராதுல்ல?"

"வராது."

"அப்ப மூட மாட்டேன்" என்றாள் ஸ்கேலம்மா. யோசிக்கிறதற்கு என்ன இருக்கிறது? இந்த வேலை போனால் வேறு வேலை. தம்பிக்கு எங்கே போவாள்?

வெள்ளிக்கிழமை நாலு மணி, ஐந்து மணி, ஒன்றும் வரவில்லை. அவள் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னமும் விகிதமும் எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்தே முக்காலுக்கு மூன்றாவது சிவப்பு விழுந்தது. விழுந்த அந்தக் கணமே திரையின் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை வந்தது: 'இந்த எண் நிறுத்தப்பட்டுள்ளது.' எழுதுகிற கட்டம் செத்துப் போயிற்று. படம் மட்டும் திறந்தது. நோட்டுத் தாள் இரண்டு பக்கமும் தடிப் பென்சில்.

'அக்கா. அன்னைக்கு அப்பா உன் சீட்டைப் படிச்சிட்டு என்கிட்ட சொன்னாரு, அவ படிச்சவ, அவ சொல்றது சரியாத்தான் இருக்கும், ஆனா வெட்டு ஜாஸ்தி, நீ ரெண்டு பெட்டி கூட வாங்குன்னாரு. நான் பதினாலு வாங்கினேன். கிளினிக் படியில ரெண்டு பெட்டியைத் தோள்ல வச்சு ஏறும்போது கால் தடுக்கிச்சு. எல்லாம் உடைஞ்சுது. பயந்து போய் குப்பையில கொட்டிட்டேன். கல்லு தீர்ந்தப்ப அப்பா கேட்டாரு, எத்தனை வாங்கினேன்னு. அக்கா சீட்டுல எழுதின பன்னிரண்டுதான் வாங்கினேன்னு சொல்லிட்டேன். ரெண்டு கூட வாங்கச் சொல்ல நானே மறந்துட்டேன் போலன்னு தன் தலையில அடிச்சுக்கிட்டாரு. அளவு தப்புதுன்னு அவரு சொன்னது அதுதான். அவரு சாகிற வரைக்கும் நான் சொல்லல. உன் கணக்கு சரிதான்க்கான்னு வாசல்ல சொன்னேனே, அப்ப மிச்சத்தையும் சொல்லத்தான் வாயெடுத்தேன். வரல. உன் முகத்தைப் பார்க்க முடியாமத்தான் ஓடினேன். உன் மேல எனக்குக் கோபமே கிடையாது. நம்பரைத் திறந்து வச்சிருக்கேன்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். குத்திக் காட்டினான் என்று பதினாறு வருஷம் சுமந்த வாக்கியம் அது. பாவி, பாதி சொல்லிவிட்டு ஓடியிருக்கிறான்! கோபம் வந்தது. ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போல வந்தது. அடுத்த நிமிஷம், படியில் உடைந்த டைல்ஸுக்கு நடுவில் நின்ற அந்த இருபத்தொரு வயதுப் பயலின் முகம் தெரிந்தது. அவ்வளவுதான், அழுகை வந்துவிட்டது. நாற்பது நாற்காலிக்காரர்களும் திரும்பிப் பார்க்க, வாய்விட்டு அழுதாள். லீடர் ஓடி வந்தாள். தாத்தா அவள் ஸ்கேலையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துப் பைக்குள் வைத்து, படிக்கட்டு வரை கொண்டுவந்து கொடுத்தான்.

இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து எண்ணைப் போட்டாள். பாதி மணி அடித்தது. அறுந்து போகும் என்று காத்திருந்தாள். அறுந்து போகவில்லை. முழு மணி அடித்தது. நாலாவது மணியில் ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"ஹலோ, யாரு?"

"நான்... கணக்குப் போட்டுக் குடுத்தேனே. உன் அத்தை."

"அத்தையா! பன்னிரண்டுதானே சரி?"

"பன்னிரண்டுதான்மா. அப்பா எங்க?"

"இங்கதான் இருக்காரு. கண்ணைத் தொடச்சுக்கிட்டே இருக்காரு, பேச மாட்டேங்குறாரு." குரல் ரகசியமாகத் தாழ்ந்தது. "திரும்பவும் சிவப்பு அமுக்கட்டுமான்னு உங்ககிட்ட கேக்கச் சொல்றாரு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வேணாம்னு சொல்லு. இனிமே அமுக்கினா எனக்கு வராது. வீட்டுக்கு வரச் சொல்லு."

வீடு என்றால் அப்பாவின் வீடு. அவள் அங்கேதான் இருந்தாள். அந்த வீட்டுத் தரை முழுக்க ஊரார் வீட்டு மிச்சம். அப்பாவின் கணக்கு எப்போதும் கூடத்தானே சொல்லும். வேலை முடிந்து மிஞ்சுகிற இரண்டு கல், மூன்று கல்லை வீட்டுக்காரர்கள் "நீயே வச்சுக்கப்பா" என்று கொடுத்துவிடுவார்கள். ஒன்று பச்சை, ஒன்று சாம்பல், ஒன்றில் பூ. அப்படியே ஒட்டி ஒட்டி, கடைசியில் அடுப்படிக் கதவு மூலையில் மட்டும் கொஞ்சம் இடம் பாக்கி இருந்தது. கிளினிக் வேலையின் மிச்சத்தில் அதை முடித்துவிடலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வேலையில் மிச்சம் வரவில்லை. பதினாறு வருஷமாக அந்த இடம் வெறும் சிமெண்ட்.

"உங்கப்பாகிட்ட சொல்லு," என்றாள். "அடுப்படி மூலை இன்னும் அப்படியேதான் கெடக்குன்னு. மூணு கல்லு வாங்கிட்டு வரச் சொல்லு."

அந்தப் பக்கம் பெண் அதை அப்படியே ஒப்பித்தது கேட்டது. அப்புறம் கைபேசி கை மாறுகிற சலசலப்பு. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அப்பா செருமுகிற மாதிரியே இருந்தது.

"அக்கா."

"சொல்லுடா."

"நாலா வாங்கிட்டு வரேன்க்கா."

"மூணு போதும்டா. நான் அளந்து வச்சிருக்கேன்."

"இல்லக்கா," என்றான் தம்பி. "ஒண்ணு உடையும்."